மழை வந்தால் மெயின் விழுகிறது, செலவு யாருக்கு?

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று மாதமாக ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் மெயின் ஸ்விட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆகிறது. மழை நாளில் ராத்திரி நாலு தடவை எழுந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது. ‘நீங்கள் வாங்கி மாட்டிய கீசர்தான் காரணம், செலவு உங்களுடையது’ என்கிறார் வீட்டுக்காரர். கீசரை அணைத்து வைத்தாலும் விழுகிறதே! எலக்ட்ரீஷியன் வந்துபோன இரண்டு முறையும் நாங்கள்தான் பணம் கொடுத்தோம். அதை வாடகையில் கழித்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்குக் கழிக்காதீர்கள். பழுது எங்கே என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அது தெரியாமலே யார் கொடுப்பது என்று சண்டை நடக்கிறது.

முதலில் உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை. கீசரை அணைத்துவிட்டால் அது நிரபராதி ஆகிவிடாது. சாதாரண ஸ்விட்ச், கரண்ட் வருகிற ஃபேஸ் வயரை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் கீசரோடு சேர்ந்தே இருக்கும். உள்ளே நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் வேறு ஏதாவது ஓடும்போது திரும்புகிற கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவும். ஆர்.சி.சி.பி.க்கு ஒரே கணக்குதான்: ஃபேஸில் போனது நியூட்ரலில் முழுசாகத் திரும்பியதா? வீடுகளில் மாட்டுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் வகை. அவ்வளவு குறைந்தாலே வெட்டிவிடும். ஆகவே ஸ்விட்சை அணைத்துச் சோதிப்பதில் பிரயோஜனமில்லை, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

அடுத்த மழையில் கீசர், ஃபிரிட்ஜ், மிக்ஸி, சார்ஜர் என எல்லாப் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். லைட், ஃபேன் மட்டும் ஓடட்டும். அப்போதும் விழுந்தால் உங்கள் பொருள்கள் எதுவும் காரணமில்லை; கோளாறு வீட்டோடு இருக்கிற வயரிங்கிலோ லைட்டிலோதான். விழவில்லை என்றால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், எதை மாட்டியதும் விழுகிறதோ அதுதான் ஆள். கீசர் என்று தெரிந்தால் பெரும்பாலும் ஹீட்டர் எலிமென்ட் வெடித்துத் தண்ணீர் இறங்கியிருக்கும். அதை மாற்றுவது உங்கள் செலவு.

ஆனால் மழைக்கு மட்டும் அதிகமாகிறது என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் கீசர் மேல் இல்லை. ஒரு வீட்டில் இதே கதைக்கு இரண்டு நாள் தேடினேன். கடைசியில் மொட்டை மாடி லைட்டுக்குப் போகிற பைப் வழியாகவே மழைத் தண்ணீர் இறங்கி, மாடிப்படி ஜங்ஷன் பாக்ஸில் தேங்கியிருந்தது. வெளிச்சுவர் லைட், காலிங் பெல், மோட்டார் லைன், இவற்றைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வருகிற எலக்ட்ரீஷியனிடம் மெகர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். வயரைக் கழற்றி அதில் சோதித்தால்தான் எந்த லைன் கசிகிறது என்று தெரியும். வந்து தூக்கிவிட்டுப் பணம் வாங்கிப் போவது ரிப்பேர் இல்லை.

இன்னொன்று. ‘ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடலாம், பிரச்சினை தீர்ந்தது’ என்று யாராவது சொன்னால், வீட்டுக்காரரே சொன்னாலும், விடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு ஷாக் அடித்து அது எர்த்துக்குப் போனால், உயிருக்கு ஆபத்து வருவதற்குள் கரண்டை வெட்டுவது அதுதான்.

சரி, பணம். சுவருக்குள் இருக்கும் வயரிங்கும் பாக்ஸும் அவருடையவை, அவர்தான் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் ‘சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு’ என்று எழுதியிருக்கலாம். பல்பு போனது, ஸ்விட்ச் உடைந்தது எல்லாம் அதில் சேரும். சுவருக்குள் தண்ணீர் இறங்கியது சேராது என்றுதான் நான் சொல்வேன். பில் வாங்கும்போது தொகையோடு காரணத்தையும் எழுதி வாங்குங்கள்: ‘மாடி லைட் லைனில் எர்த் கசிவு, பாக்ஸில் தண்ணீர், வயர் மாற்றியது’ என்று. தொழிலுக்கு வந்த புதிதில் ‘கரண்ட் வேலை’ என்று இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரரும் குடியிருந்தவரும் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு மாறி மாறி என் வாசலில் நின்றார்கள். அப்புறம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். பாக்ஸைத் திறந்ததும் ஒரு போட்டோ எடுத்து உங்கள் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் ஒப்புக்கொண்டு எழுத்தில் சொன்னால் கழிக்கலாம். பழைய இரண்டு பில்லுக்கும் முழுசாக நிற்க வேண்டாம்; அந்த எலக்ட்ரீஷியன் எதையும் கண்டுபிடிக்கவில்லையே. பாதி கேளுங்கள், கிடைக்கும்.

கேள்வி: எங்கள் வாடகை வீட்டில் பழைய ஃபியூஸ் கட்டைதான். அயர்ன் பாக்ஸும் கெட்டிலும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். மூன்று இழை முறுக்கிப் போட்டேன், ஒரு மாதமாகப் போகவே இல்லை. இது போதும்தானே?

பதில்: போகாததுதான் பயம். 1000 வாட் அயர்ன் பாக்ஸும் 1500 வாட் கெட்டிலும் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். அது 5 ஆம்பியர் லைட் லைனாக இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல். முன்பு ஃபியூஸ் கம்பி உருகியது, இனி சுவருக்குள் இருக்கும் வயர் உருகும். மெயினை இறக்கிவிட்டு இன்றைக்கே பழைய அளவுக் கம்பியைப் போடுங்கள். பிளக் சூடாகிறதா, கருகல் வாசனை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த லைனைத் தொட வேண்டாம். கெட்டிலுக்குத் தனி பவர் லைன் வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன்னால் அந்த மூன்று இழையை எடுத்துவிடுங்கள். வயர் கருகினால் யார் காரணம் என்று அவர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை, கட்டையை உருவிப் பார்த்தாலே போதும்.