கிட் ஹோமுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் கோல்பர்ன் பக்கம் ஐந்து ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லாத இடம். மூன்று படுக்கையறை கிட் ஹோம் (பாகங்களாக வாங்கி நிலத்தில் பொருத்திக் கட்டும் வீடு) ஒன்று பிடித்திருக்கிறது. விற்பவர், "எங்கள் பிளான் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) ஏற்றுக்கொண்டது, சி.டி.சி. என்கிற வேக அனுமதி போட்டு 20 நாளில் அனுமதி வாங்கித் தருகிறோம், இந்த மாதமே முன்பணம் கட்டினால் விலை ஏறாது" என்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். விலை ஏறினால் ஏறட்டும்.

கவுன்சில் ஏற்றுக்கொண்ட பிளான் என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஒரு குறிப்பிட்ட நிலத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கப்போகிற வீட்டுக்குத்தான் நியூ சவுத் வேல்ஸில் அனுமதி தருகிறார்கள். அதே கிட், அதே பிளான், வேலிக்கு அந்தப் பக்கம் போனால் மறுக்கப்படலாம். விற்பவர் எங்கோ இருபது வீடுகளுக்கு அனுமதி வாங்கியிருக்கலாம், அதனால் உங்கள் நிலத்துக்கு எதுவும் கிடைத்துவிடாது.

முதலில், உங்கள் நிலத்தில் வீடு கட்ட உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், நிலம் நம்முடையது, ஏன் கட்டக்கூடாது என்று. ஆனால் கிராமப்புற மண்டலங்களில் வீடு கட்டக் குறைந்தபட்ச நில அளவு என்று ஒன்றை கவுன்சிலின் திட்டம் வைத்திருக்கும், பல இடங்களில் அது 40 ஹெக்டேர், 100 ஹெக்டேர் என்று போகும். உங்கள் ஐந்து ஏக்கர் வெறும் இரண்டு ஹெக்டேர்தான். மண்டலம் வேறாக இருந்தால் அளவு குறைவாக இருக்கலாம், பழைய காலத்தில் பிரித்த நிலமாக இருந்தால் உரிமை தொடரலாம். ஊகிக்க வேண்டாம். நிலம் வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு, நிலத்துக்கு என்னென்ன விதிகள் பொருந்தும் என்று கவுன்சில் தரும் 10.7 திட்டமிடல் சான்றிதழை இணைத்திருப்பார்கள், அதை எடுத்துப் படியுங்கள். அப்புறம் கவுன்சிலிடம் "இந்த நிலத்தில் ஒரு வீட்டுக்கு உரிமை உண்டா" என்று எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் "இருக்கும் என்று நினைக்கிறேன்" என்றால் அது பதிலே இல்லை.

சரி, உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 20 நாள் கதைக்கு வருகிறேன்.

சி.டி.சி. என்பது நில அனுமதியும் கட்டட அனுமதியும் ஒன்றாகக் கிடைக்கும் வேகமான வழி. கவுன்சிலுக்குப் போகாமல் பதிவுபெற்ற சர்டிஃபையரே (கட்டடத்தைப் பரிசோதித்துச் சான்று தருபவர்) கொடுக்கலாம். எல்லா விதிகளுக்கும் அப்படியே பொருந்தினால்தான். கோல்பர்ன் பகுதியோ சிட்னியின் குடிநீர் நீர்ப்பிடிப்புக்குள் வருகிறது. அங்கே ஓடும் வொலண்டில்லி ஆறு வாரகம்பா அணையின் ஏரிக்குத்தான் போய்ச் சேர்கிறது. அதனால் நீர்ப்பிடிப்புக்குள், கழிவுநீர்க் குழாய் இல்லாத நிலத்தில், படுக்கையறை எண்ணிக்கை கூடினாலோ 250 சதுர மீட்டருக்கு மேல் மண்ணைக் கிளறினாலோ வீட்டுக்கான சி.டி.சி. வழி மூடியிருக்கிறது. காலி நிலத்தில் மூன்று அறை வீடு என்றால் படுக்கையறை கூடத்தானே செய்யும்? வீட்டைச் சின்னதாக்கி 250 சதுர மீட்டருக்குள் அடக்கினாலும் தப்ப முடியாது, இரண்டில் ஒன்று மீறினாலே போதும். ஆகவே உங்களுக்கு டி.ஏ.தான், அதாவது கவுன்சிலுக்குப் போடும் முழு விண்ணப்பம்தான். அதற்கு அனுமதி கிடைத்த பிறகு கட்டுமானச் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். 20 நாள் என்று சொன்னவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அவர் கையில் உங்கள் அனுமதி வேலையைக் கொடுக்காதீர்கள்.

அந்த டி.ஏ.வில் உங்களைத் தாமதப்படுத்தப் போவது வீட்டின் பிளான் அல்ல, கழிவுநீர்தான். வீடு வந்தபின் நீரின் தரம் முன்பைவிடக் கெடாது என்று காட்ட வேண்டும், அதற்கு மண் ஆய்வோடு ஒரு கழிவுநீர் அறிக்கை வேண்டும். அதைப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். கதவு வைத்த படிப்பறையையும் படுக்கையறையாக எண்ணிவிடுவது உண்டு, கிட் பிளானில் அப்படி ஒன்று இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

காட்டுத்தீ அபாயப் பகுதியா என்பதும் 10.7 சான்றிதழில் இருக்கும். அப்படியென்றால் பேல் மதிப்பீடு (வீட்டைக் காட்டுத்தீ எவ்வளவு கடுமையாகத் தாக்கலாம் என்ற கணக்கு) செய்யாமல் கிட் ஆர்டர் செய்யவே கூடாது. பேல் 12.5க்கும் பேல் 29க்கும் இடையில் ஜன்னல், கதவு, வெளிச்சுவர் எல்லாம் மாறும், விலையும் சேர்ந்து மாறும். காற்று வகையும் மண் வகையும் இதே கதைதான். மேட்டில் நிற்கிற வீட்டுக்குச் சமவெளிக்குப் போட்ட பொறியியல் கணக்கு பொருந்தாது.

"அனுமதி எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிற பேக்கேஜ்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலும் அடங்குவது வரைபடமும் விண்ணப்பத்தை ஆன்லைனில் ஏற்றுவதும் மட்டுமே. மண் ஆய்வு, கழிவுநீர் அறிக்கை, பேல், பேஸிக்ஸ் (நீர், மின்சாரச் சிக்கனச் சான்றிதழ்), சர்வே, கவுன்சில் கட்டணம் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வரும். என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் விலகிவிடுங்கள், நம்மூர்க்காரராக இருந்தாலும். சர்டிஃபையரை நீங்களே தேர்ந்தெடுங்கள். நியமிக்கும் உரிமை சட்டப்படி உரிமையாளருக்கு. அவர் யார் பக்கமும் சாயாமல் கட்டடத்தைப் பரிசோதிக்க வருகிறவர், கிட் விற்பவரின் ஆள் அதைச் செய்யக்கூடாது.

நீங்களே நின்று கட்டுவதாக இருந்தால் ஓனர் பில்டர் பெர்மிட் வேண்டும். வேலை மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினாலே அது கட்டாயம், 20,000 டாலருக்கு மேல் என்றால் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். விற்பவர்கள் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பெர்மிட் கிடைத்து ஏழரை வருடத்துக்குள் வீட்டை விற்றால், விற்பனை ஒப்பந்தத்தில் ஓனர் பில்டர் கட்டியது என்ற எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். டி.ஏ.வுக்கு 40 நாளில் கவுன்சிலிடமிருந்து முடிவு வராவிட்டால் மறுத்ததாகக் கருதி நீதிமன்றம் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. சாதாரண வீடு கட்டும் குடும்பம் அதற்காக நீதிமன்றம் போகுமா? கூடுதல் தகவல் கேட்டு ஒரு கடிதம் வரும், கொடுத்தால் இன்னொன்று வரும், அதுவும் முதல் கடிதத்திலேயே கேட்டிருக்கக்கூடிய விஷயமாக இருக்கும். மக்கள் வாடகை கொடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பது அந்த மேசைகளுக்குத் தெரிவதே இல்லை. அதனால்தான் முதல் தடவையே எல்லா அறிக்கைகளையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் பிறகும் அந்த விலையைப் பிடித்து வைக்க ஆசை என்றால், ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: டி.ஏ. கிடைக்காவிட்டாலோ, அனுமதி நிபந்தனைகளால் கிட் மாறி விலை கூடி அது வேண்டாம் என்று நீங்கள் முடிவுசெய்தாலோ, முன்பணம் முழுவதும் திரும்ப வரும் என்று. அதற்குச் சம்மதித்தால் கையெழுத்துப் போடுங்கள், போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.