கோவை ஏர்போர்ட் கிரவுண்ட் வேலை: மலைக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

எனக்குக் கோத்தகிரிப் பக்கம். கோவை விமான நிலையத்தில் லோடிங் சூப்பர்வைசர். ஊரிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். டிக்கெட் விலையும் ரீஃபண்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கட்டபெட்டு தம்பி: பத்தாவதுதான் அண்ணா. வேலை கிடைக்குமா?

கிடைக்கும். பெட்டி ஏற்றி இறக்குகிற லோடர் வேலைக்குப் பெரும்பாலும் பத்தாவது போதும். ஹெவி லைசென்ஸ் இருந்தால் டிராக்டர், பஸ் ஓட்டவும் முயலலாம். ஏர்போர்ட்டுக்கு உள்ளே ஓட்டத் தனி பெர்மிட் வேண்டும். செக்-இன் கவுண்டர் வேலை என்றால் டிகிரி கேட்பார்கள். போலீஸ் சரிபார்ப்பு முடிந்தால்தான் நுழைவு பாஸ். அதனால் அடிதடி கேஸில் பெயர் வராமல் பார்த்துக்கொள்.

ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்: எந்த ஏஜெண்ட்டுக்கும் காசு கொடுக்காதே. விண்ணப்பக் கட்டணம் உண்டென்றால் நிறுவனத்தின் விளம்பரத்திலேயே அச்சாகியிருக்கும். "சீட் பிடித்து வைத்திருக்கிறேன், ஜிபே பண்ணு" என்பவன் உன்னை ஏமாற்றுகிறான்.

எடப்பள்ளி மாணவி: எஞ்சின் ஆளை இழுத்துவிடும் என்பது உண்மையா?

உண்மைதான் தங்கச்சி. 2015 டிசம்பரில் மும்பையில் ஒரு டெக்னீஷியன் அப்படித்தான் இறந்தார். விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடுகிறது, அல்லது ஓடப்போகிறது என்று அதற்கு அர்த்தம். வந்து நின்ற விமானத்தில் அது அணைகிற வரை டிராலியோ பெட்டி ஏற்றுகிற பெல்ட் லோடரோ கிட்டே போகக்கூடாது. புதுப் பையன்கள் சுறுசுறுப்பைக் காட்ட ஓடுவார்கள், நான் கத்துவேன். ஏடிஆர் என்கிற சின்ன புரொப்பல்லர் விமானம் இன்னும் மோசம், சுற்றுகிற புரொப்பல்லர் கண்ணுக்கே தெரியாது. அந்த விமானத்தில் ஆட்கள் பின்கதவில் ஏறுவார்கள், பெட்டிகளும் பின்னால் உண்டு. வால் தரையில் உட்கார்ந்துவிடாமல் இருக்க அடியில் ஒரு கம்பை முட்டுக் கொடுப்போம். கிளம்பும்முன் அதை எடுத்தோமா என்று இரண்டு பேர் பார்ப்போம்.

கேத்தி: காலை ஒன்பது மணி விமானம். ஊட்டியிலிருந்து எப்போது கிளம்பலாம்?

முந்தின நாள். உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கவுண்டரை மூடிவிடுவார்கள். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கித் தங்கிவிடுங்கள்.

ஊட்டி, கடைக்கார அண்ணன்: என் கடையில் வாங்கிய நீலகிரித் தைலத்தை ஏர்போர்ட்டில் பிடுங்குகிறார்களாமே? ஒரு லிட்டர் கேன்தானே?

ஒரு லிட்டர் என்பதுதான் சிக்கல் அண்ணா. 60 டிகிரியிலோ அதற்குக் கீழோ தீப்பிடிக்கும் ஆவி விடுகிற திரவம் எல்லாம் எங்கள் கணக்கில் எரியும் சரக்கு. தைலம் 50 டிகிரிக்குள்ளேயே அப்படி ஆவி விடும். மே மாத மத்தியானம் கோவைத் தார்தரையில் நிற்கும் டிராலியைத் தொட்டுப் பாருங்கள், புரியும். மருந்தாகக் கொண்டுபோக வழி உண்டு: ஒரு பாட்டில் அரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது, இப்படி எடுத்துப்போகிற எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2 லிட்டர். சில விமான நிறுவனங்கள் இதையும் விடாது.

அதே அண்ணன்: பல வருஷமாக வாடிக்கையாளர்கள் கொண்டுபோகிறார்கள். ஒன்றும் ஆகவில்லையே. நல்லெண்ணெயை விடுகிறீர்களே?

நல்லெண்ணெய் 200 டிகிரி தாண்டினாலும் அசையாது. இரண்டும் எண்ணெய்தான், ஆனால் ஒரே ஜாதி இல்லை. கேன் மூடி லூசாகிச் சரக்கறையில் கசிந்தால் உள்ளே மண்டியிட்டுப் பெட்டி அடுக்குகிற பையனுக்குக் கண் திறக்க முடியாது. உங்கள் வாடிக்கையாளர் அதைப் பார்ப்பதில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

குன்னூர் அக்கா ஒருவர் இடையில்: அப்படியானால் விண்டர்கிரீன் தைலமும் கூடாதா?

நல்ல கேள்வி அக்கா. அது 90 டிகிரி தாண்டித்தான் தீப்பிடிக்கும் ஆவி விடும், அந்தக் கணக்கில் வராது. ஆனால் லேபிள் இல்லாத பாட்டிலில் எந்தத் தைலம் என்று ஸ்கிரீனிங்கில் இருப்பவர் மோந்து பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவார். கடைக்கார அண்ணா, சண்டைக்கு வருகிற நேரத்தில் சின்ன பாட்டிலில் அடைத்து, ஒழுங்காக லேபிள் ஒட்டி விற்றால் பாதிப் பிரச்சினை தீரும்.

மஞ்சூர்: வர்க்கி, சாக்லேட்?

இரண்டையும் கையில். வர்க்கியைப் பெட்டியில் போட்டால் தூளாகத்தான் வந்து சேரும், எங்களைத் திட்டாதீர்கள். 32 கிலோ வரை பெட்டி அதன்மேல் ஏறும்.

பவர் பேங்க்? கையில் மட்டும். இதை நாலாவது முறையாகச் சொல்கிறேன்.

அருவங்காடு: ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஏவியேஷன் டிப்ளமா முடித்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். 80 ஆயிரம் கட்டலாமா?

நிச்சயம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள். லோடர், டிரைவர் வேலைக்கு அந்த டிப்ளமா தேவையே இல்லை. பாதுகாப்புப் பயிற்சியும் அபாயச் சரக்குப் பயிற்சியும் வேலையில் சேர்ந்தபின் நிறுவனமே கொடுக்கும்.

ஊட்டிக்கு விமான நிலையம் வருமா? தீட்டுக்கல்லில் ஹெலிபேட் இருக்கிறது. மற்றதை எம்.பி.யிடம் கேளுங்கள்.

கோத்தகிரி: அண்ணா, ஒரு ஏஜெண்ட் பத்தாயிரம் கேட்கிறார்...

முதல் பதிலைப் படி.

ஊட்டி கடைக்கார அண்ணன்: சரி, 100 மில்லி பாட்டில் இருபது வாங்கினால்?

கணக்கு சரி, 2 லிட்டர். ஆனால் இருபது பாட்டிலைப் பார்த்தால் மருந்து என்று கவுண்டரில் யாரும் நம்பமாட்டார்கள். மொத்தமாக வேண்டுமென்றால் தரைவழிப் பார்சலில் போடுங்கள். அவர்களிடமும் உள்ளே இருப்பது தைலம் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.