தாலி கட்டும் நேரத்துக்கு எந்த கேமரா?

வாசகர்களின் கேள்விகளுக்கு, திருநெல்வேலியில் கல்யாணப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட பெண் புகைப்படக்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, பி.காம். முடித்துவிட்டுத் தெரிந்த அண்ணன் ஒருவரோடு கல்யாணங்களுக்கு லைட் பிடிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். இனி சொந்தமாக ஆர்டர் எடுக்கலாம் என்று ஆசை. கையில் 1 லட்சம் ரூபாய் இருக்கிறது. கடையில் கேனான் ஆர்50 எடுக்கச் சொல்கிறார்கள். யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: தம்பி, ஆர்50 நல்ல கேமராதான். 2023ல் வந்தது, 24 மெகாபிக்சல், கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும், கைக்குப் பாரமே தெரியாது. ஊர் சுற்றிப் படம் எடுக்கிறேன், வீடியோ போடுகிறேன் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். கல்யாணத்துக்கு வேண்டாம். அதில் மெமரி கார்டு போட ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

கார்டு கெடுவதற்கு முன்னால் யாரிடமும் சொல்லிக்கொண்டு கெடாது. கெட்டிமேளம் கொட்டி, மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டு, நாத்தனார் அடுத்த முடிச்சைப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு "கார்டு எர்ரர், இன்னொரு தடவை கட்டுங்கள்" என்று சொல்ல முடியுமா? அதனால் கல்யாண வேலைக்கு வாங்கும் முதல் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமராவில்) இரண்டு கார்டு போட இடம் இருக்க வேண்டும். மெகாபிக்சல், கம்பெனி எல்லாம் அப்புறம்.

உங்கள் பட்ஜெட்டில் இது புதுசாகக் கிடைப்பது சிரமம். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். நான் கைகாட்டுவது நிக்கான் டி750. 2014ல் வந்த ஃபுல் ஃப்ரேம் (படத்தைப் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிது), 24 மெகாபிக்சல், இரண்டு எஸ்டி கார்டு. ஒரு சார்ஜில் 1,230 படம் என்பது கம்பெனிக் கணக்கு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். இன்னும் கொஞ்சம் புரட்ட முடிந்தால் 2020ல் வந்த நிக்கான் இசட்5, அல்லது 2018ன் சோனி ஏ7 மூன்று. இரண்டும் மிரர்லெஸ், இரண்டிலும் இரண்டு எஸ்டி கார்டு. கேனான்தான் பிடிக்கும் என்றால் 5டி மார்க் 3 பாருங்கள். அதில் ஒன்று சிஎஃப் என்ற பழைய வகைக் கார்டு, மற்றது எஸ்டி. எஸ்டி பக்கம் மெதுவாக எழுதும், மற்றபடி மாடு மாதிரி உழைக்கும். "ஃபுல் ஃப்ரேம் சார், சல்லிசு" என்று 6டியை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதிலும் ஒரு கார்டுதான், அதற்கு அடுத்து வந்த 6டி மார்க் 2விலும் அப்படித்தான்.

டி750 வாங்கினால் மெனுவுக்குள் போய் இரண்டாவது கார்டின் வேலை என்ன என்று பாருங்கள். "ஓவர்ஃப்ளோ" என்று இருக்கும், அதாவது முதல் கார்டு நிறைந்த பிறகுதான் இரண்டாவதில் எழுதும். அதை "பேக்கப்" என்று மாற்றினால்தான் ஒரே படம் இரண்டிலும் விழும். இரண்டு கார்டு கேமரா வைத்துக்கொண்டு இதை மாற்றாமலே சீசனை ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சரி, லட்சத்தையும் பாடியிலேயே கொட்டிவிடாதீர்கள். பாதிக்குச் சற்று மேல் பாடிக்குப் போகட்டும், மிச்சம் லென்ஸுக்கும் ஃப்ளாஷுக்கும். நம் மண்டபங்கள் எப்படி இருக்கும் என்று லைட் பிடித்த உங்களுக்கே தெரியும். விடியற்காலை 4.30 மணி முகூர்த்தம், வெளியே இருட்டு, உள்ளே ஹோமப் புகை. கேமராவோடு கொடுக்கும் 18-55 லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6க்குப் போய்விடும், எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நிக்கானுக்கு வாங்கும்போது 1.8ஜி என்று கேட்டு வாங்குங்கள். பழைய 1.8டி மலிவு, டி750ல் ஓடவும் ஓடும், ஆனால் நாளைக்கு இசட்5 மாதிரி இசட் பாடிக்கு மாறினால் நிக்கானின் அடாப்டர் போட்டாலும் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. குரூப் போட்டோவுக்கு 50 மட்டும் போதாது. மேடைக்கு முன்னால் வீடியோக்காரர், ட்ரைபாட், அதற்கும் பின்னால் முதல் வரிசை நாற்காலி, நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள்? 24-120 எஃப் 4 பழசு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். கையிருப்பு இடிக்கிறது என்றால் அதை மட்டும் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம்.

ஃப்ளாஷ் கட்டாயம் வேண்டும். அதை மேலே திருப்பி அடிப்பது எல்லோரும் சொல்லித்தரும் பாடம். மண்டபத்து வெள்ளைக் கூரைக்கு அது சரி. வீட்டு வாசலில் ரோஸ் கலர் துணி கட்டிய பந்தலில் மேலே அடித்துப் பாருங்கள், மாப்பிள்ளை முதல் ஐயர் வரை எல்லோரும் ரோஸாக இருப்பார்கள். அதை லைட்ரூம் சாஃப்ட்வேரில் சரிசெய்யப் போனால் பட்டுப்புடவையின் நிறம் கெடும். பந்தலுக்கு அடியில் ஃப்ளாஷைக் கழற்றி, தூரத்திலிருந்தே அதை அடிக்கவைக்கும் ட்ரிக்கர் போட்டுப் பக்கவாட்டில் ஒருவர் கையில் கொடுங்கள். அந்த ஒருவராக நீங்கள் நின்றிருக்கிறீர்கள், அதனால் இதை நீட்டவில்லை.

செகண்ட் ஹேண்டில் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கிளிக் ஓடியிருக்கு?" கேட்கலாம். நிக்கான் என்றால் எடுத்த படத்தின் ஃபைலுக்குள்ளேயே அந்த எண்ணிக்கை இருக்கும், கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். டி750ன் ஷட்டரை 1,50,000 கிளிக்குக்குச் சோதித்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஓடாது என்று அர்த்தமில்லை, போனாலும் ஷட்டரை மாற்றிக்கொள்ளலாம். நான் பயப்படுவது சென்சாருக்கு. ரிசப்ஷன் மேடையில் லேசர் விளக்கு சுற்றுகிறதே, அந்தக் கதிர் நேராக லென்ஸுக்குள் இறங்கினால் சென்சார் கருகிவிடலாம். எஃப் 16 வைத்து, ஃபோகஸை விலக்கி, ஒரு வெள்ளைச் சுவரை எடுத்து லேப்டாப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான சாம்பல் புள்ளிகள் தூசி, துடைத்தால் போகும். நேர்கோடாகவோ கலர் புள்ளியாகவோ எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நின்றால், விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஒரிஜினல் பில் கேளுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பாடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டு கேமரா கைமாறும் தொழில் இது.

கேள்வி: என் மகன் மதுரையில் விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறான். இரண்டரை லட்சம் ரூபாய்க்கு கேமரா வேண்டுமாம், மாதத் தவணையில் எடுத்துக் கொடுத்தால் கல்யாண ஆர்டர் பிடித்து அவனே கட்டிவிடுவானாம். நம்பி வாங்கித் தரலாமா?
- ஒரு தகப்பனார், சிவகாசி

பதில்: ஐயா, பையனுடைய ஆசையைக் குறைசொல்ல மாட்டேன். அவன் போட்ட கணக்கில்தான் இடிக்கிறது. தவணை மாதா மாதம் வரும், முகூர்த்தம் அப்படி வராது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, பல வீடுகளில் புரட்டாசியிலும் வைப்பதில்லை. கல்யாண வீட்டுக்காரரும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மிச்சத்தை ஆல்பம் கைக்கு வந்த பிறகு தருபவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். ஆல்பம் போட பிரிண்ட் செலவு, டிசைன் செலவு வேறு முன்னால் நிற்கும்.

அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அட்வான்ஸ் வாங்கின ஆர்டர் எத்தனை கையில இருக்கு?" ஒன்றும் இல்லை என்றால் இப்போதைக்கு வாடகை கேமரா போதும். மதுரையில் வாடகைக்குக் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள், கொடுக்கலாம். சனி, ஞாயிறு யாராவது சீனியரோடு இரண்டாவது ஆளாகப் போகட்டும். ஒரு சீசன் முழுக்க வெவ்வேறு கேமராவைத் தூக்கியவனுக்கு எது தன் கைக்கு ஒத்துவரும் என்று தானாகத் தெரிந்துவிடும். அப்போது அவன் கேட்கும் தொகையும் இரண்டரை லட்சமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு ஆன்லைன் விற்பனைக்கான படம் எடுத்துத் தர ஆரம்பித்திருக்கிறேன், இப்போதைக்கு மொபைலில். "துணியின் கலர் படத்தில் மாறுகிறது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் சரியாகுமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: ஆகாது சகோதரி. மேல் பதிலில் கோவில்பட்டித் தம்பிக்குச் சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் டி-ஷர்ட் ஓடாது, இருட்டில் இருக்காது, கார்டு போனால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய கேனான் 200டி மார்க் 2வும் அதோடு வரும் 18-55ம் போதும். ட்ரைபாடில் வைத்து எஃப் 8, ஐஎஸ்ஓ 100ல் எடுத்தால் விலை கூடிய கேமரா படத்துக்கும் அதற்கும் ஆன்லைன் கடையில் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

கலர் மாறுவது வெளிச்சத்தால். ஜன்னல் வெயில் ஒரு பக்கம், மேலே ட்யூப்லைட், இரண்டும் துணி மேல் விழுகிறது என்று நினைக்கிறேன். ஜன்னலை மூடி, ட்யூப்லைட்டை அணைத்து, ஒரே மாதிரியான இரண்டு விளக்கு மட்டும் வையுங்கள். எல்.இ.டி. என்றால் பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) 95க்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். சாம்பல் நிற அட்டை ஒன்றைத் துணி மேல் வைத்து முதல் படம் எடுத்து, அதை வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் செட்டிங்) செட் செய்துவிட்டு மற்றதை எடுங்கள். உங்கள் மானிட்டரும் நீலம் பூத்துக் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி விளக்குக்குப் போகட்டும்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது என்கிறார்களே, இப்போது வாங்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2020க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புது டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா, கொண்டுவரவில்லை, அது உண்மை. அதனால்தான் நல்ல பாடிகள் விலை இறங்கிக் கிடைக்கின்றன. ஆல்பத்தைப் புரட்டும் மாமியாருக்கு உள்ளே கண்ணாடி இருந்ததா இல்லையா என்று தெரியப்போவதில்லை. ஒரு இடத்தில் மட்டும் மிரர்லெஸ் பக்கம் சாய்வேன். எங்கள் பக்கம் சர்ச் கல்யாணம் அதிகம். ஜெபம் நடக்கும்போது டப் டப் என்று ஷட்டர் சத்தம் கேட்டால் ஃபாதர் திரும்பிப் பார்ப்பார். அங்கே சத்தமில்லாத ஷட்டர் உதவும். அதே சைலன்ட் மோடில் ரிசப்ஷனுக்குப் போய்விடாதீர்கள், பின்னால் இருக்கும் எல்.இ.டி. திரை படத்தில் பட்டை பட்டையாக விழும்.

கேள்வி: கடற்கரை ஊர். வாங்கிய லென்ஸில் ஃபங்கஸ் வந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்ய?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: பயம் நியாயம்தான். மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள், சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். கேமராவைப் பையிலேயே போட்டு பீரோவில் வைக்காதீர்கள், பைக்குள் இருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிரை கேபினட் வாங்க வசதி இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. மீட்டர் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் புதுசு போடுங்கள். ஆடி மாதம் வேலை இல்லை என்று டப்பாவை மூடியே வைக்காமல் வாரம் ஒருமுறை லென்ஸை எடுத்து நாலு படம் எடுங்கள்.