எஃப்.எம்.மில் பெயர் சொல்லாமல் அவதூறு: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: திருச்சியில் பிரியாணிக் கடை நடத்துகிறேன். ஏழு வாரங்களுக்கு முன் ஒரு தனியார் எஃப்.எம். காலை நிகழ்ச்சியில் போனில் பேசிய நேயர், எங்கள் தெருப் பெயரைச் சொல்லி, ‘அங்கே மாடியில் இருக்கிற பிரியாணிக் கடை’யில் கெட்டுப்போன கறி போடுவதாகப் பேசினார். ஆர்.ஜே. சிரித்துக்கொண்டே, “அந்த மாடிக்கு ஆடு ஏறி யாருமே பார்த்ததில்லையாம்” என்றார். வியாபாரம் படுத்துவிட்டது. கடைப் பெயரைச் சொல்லவில்லை, நேரலையில் நேயர் பேசியதற்குப் பொறுப்பில்லை என்கிறது நிலையம். போலீஸார் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒலிப்பதிவைக் காப்பாற்றுங்கள். மத்திய அரசுடன் செய்துகொண்ட அனுமதி ஒப்பந்தப்படி, தனியார் எஃப்.எம். நிலையம் ஒலிபரப்பியதை 3 மாதம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ‘அழிந்துவிட்டது’ என்றால் உங்கள் கை கட்டிப்போகும். இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். தேதி, நேரம், பேசிய வார்த்தைகள் அப்படியே இருக்கட்டும். வழக்கு முடியும்வரை பதிவை அழிக்கக் கூடாது என்று தனிப் பத்தியாகக் கேளுங்கள். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அவதூறானதை ஒலிபரப்பக் கூடாது என்ற அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறி தனியார் நிலையங்களுக்கும் பொருந்தும். அமைச்சகம் நஷ்டஈடு வாங்கித் தராதுதான். ஆனால் அந்த நகலைப் பார்த்ததும் நிலையத்தின் தொனி மாறும்.

யாராவது போனில் பதிவு செய்திருந்தால் அந்தப் போனையே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த நகலை வைத்து மல்லுக்கட்டுவது சிரமம். பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் தேவைப்படும்.

பெயர் சொல்லவில்லை என்ற வாதம் எடுபடாது. கேட்டவர்களுக்கு அது உங்கள் கடைதான் என்று புரிந்ததா என்பதே கேள்வி. அந்தத் தெருவில் மாடியில் வேறு பிரியாணிக் கடை இல்லையென்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அன்று கேட்டுவிட்டு உங்களுக்குப் போன் செய்து விசாரித்தவர்களில் இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தால் போதும். நேயர் பேசியதை ஊருக்குக் கேட்கவைத்தது நிலையம், அதனால் அதுவும் பதில் சொல்ல வேண்டும். ஆர்.ஜே. அடித்த ஜோக்கோ நிலையத்தின் சொந்தச் சரக்கு.

போலீஸார் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அவதூறு பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமல்ல. பாதிக்கப்பட்டவரே குற்றவியல் நடுவரிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் 2 ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும், இல்லையேல் சமூக சேவை. இதற்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. கோபத்தில் நிர்வாக இயக்குநர் வரை எல்லோரையும் எதிரியாகச் சேர்த்துவிடாதீர்கள். பத்திரிகையில் ஆசிரியர் பெயர் அச்சாகியிருக்கும். அவரைப் பொறுப்பாக்குவது எளிது. ரேடியோவில் அந்த வசதி இல்லை. யார் என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தவர்களை மட்டும் சேருங்கள்.

என்னைக் கேட்டால் சிவில் வழக்குதான் உங்களுக்கு ஏற்றது. நிறுவனத்திடமே நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் கெடு ஒரே ஒரு ஆண்டு, ஒலிபரப்பான நாளிலிருந்து. தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். 50 லட்சம் என்று வீம்புக்குப் போட்டால் ஒன்றரை லட்சம் முதலில் உங்கள் பையிலிருந்து போகும். ஒலிபரப்புக்கு முந்தைய, பிந்தைய மாதங்களின் ஜி.எஸ்.டி. கணக்கை எடுத்துவைத்து, அதில் தெரியும் இழப்பை ஒட்டித் தொகை போடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்: உணவுப் பாதுகாப்பு அதிகாரி எப்போதாவது மாதிரி எடுத்தாரா, நோட்டீஸ் கொடுத்தாரா? சொன்னது உண்மை என்று நிரூபித்தால் சிவில் வழக்கு அங்கேயே முடிந்தது. அவர்கள் வக்கீல் முதலில் தோண்டுவதும் அதைத்தான்.

நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் சமாதானம் பேச வருவார்கள். மன்னிப்பு என்றால் அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், கடைப் பெயர் சொல்லி வர வேண்டும். வாசகத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, நீங்கள் சரி என்ற பிறகே ஒலிபரப்பச் சொல்லுங்கள்.