தொடையில் மட்டும் ஏன் அந்தப் புடைப்பு?

கேள்வி: ஊட்டி கிளப் ஒன்றில் என் தாத்தா வேலை பார்த்த காலத்துப் போட்டோவில், துரைமார் போட்டிருக்கும் பேன்ட் தொடையில் புஸ்ஸென்று உப்பி, முட்டிக்குக் கீழே காலோடு ஒட்டியிருக்கிறது. அதற்கு என்ன பெயர்? — வாசகர், குன்னூர்

பதில்: ஜோத்பூர்ஸ். ஆமாம், ராஜஸ்தான் ஜோத்பூரேதான். துரைமார் சீமையிலிருந்து கொண்டுவந்தது என்று நினைத்துவிடாதீர்கள், இங்கிருந்து அங்கே போன சரக்கு. 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்கு லண்டன் போன ஜோத்பூர் அரச குடும்பத்து சர் பிரதாப் சிங் வழியாகத்தான் வெள்ளைக்காரர்களுக்கு இந்த மோகம் பிடித்தது. உப்பல் அழகுக்கு இல்லை. அந்தக் காலத் துணி இழுபடாது, சேணத்தில் உட்கார்ந்து முட்டியை மடக்க வேண்டுமென்றால் தொடையில் தாராளமாக இடம் விட்டே ஆக வேண்டும், கீழே தொளதொள என்றிருந்தால் துணி சுருண்டு சேண வாரில் உரசிக் கால் புண்ணாகிவிடும். இழுபடும் துணி வந்ததும் உப்பல் போயிற்று.

எதற்கும் போட்டோவை இன்னொரு தடவை பாருங்கள். முட்டி உயரத்துக்கு பூட்ஸ் இருந்தால் அது பிரீச்சஸாகவும் இருக்கலாம். பிரீச்சஸ் கெண்டைக்காலோடு நின்றுவிடும், மிச்சத்தை பூட்ஸ் பார்த்துக்கொள்ளும். ஜோத்பூர்ஸ் கணுக்கால் வரை இறங்கும், குட்டை பூட்ஸே போதும். ஊட்டிக்குப் பக்கத்து வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வேட்டைநாய்களோடு குதிரையில் பறந்த கூட்டத்துக்கு உயர பூட்ஸ்தான் வழக்கம், அதனால் போட்டோவிலும் அப்படியிருந்தால் என் ஓட்டு பிரீச்சஸுக்கு.

கேள்வி: ‘பிளஸ் ஃபோர்ஸ்’ என்று கோல்ஃப் ஆடுகிறவர்கள் போட்டார்களாமே, அது என்ன நாலு? — வாசகி, கொடைக்கானல்

பதில்: அது முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டும் தொளதொள அரைக்கால் பேன்ட், நாலு என்பது முட்டிக்குக் கீழே நாலு அங்குலம் கூடுதல் துணி, வேறொன்றுமில்லை. 1924-ல் வேல்ஸ் இளவரசர் அமெரிக்கா போனபோது போட்டுக்கொண்டு திரிந்ததில் அங்கேயும் பரவியது.

கேள்வி: என் மகன் போடுவது அச்சு அசல் எங்கள் காலத்து பெல்பாட்டம். கேட்டால் ‘ஃபிளேர்’ என்கிறான். எது சரி? — வாசகி, கோத்தகிரி

பதில்: முட்டியிலிருந்து மணி மாதிரி நன்றாக விரிந்தால் பெல்பாட்டம், கொஞ்சமாக விரிந்தால் ஃபிளேர் என்பார்கள், கடைக்காரர்கள் இரண்டையும் கலந்துகட்டி விற்கிறார்கள். 1970-களின் இளைஞர்களுக்கு முன்பே கப்பல் மாலுமிகள் போட்டது அது, தளம் கழுவும்போது சட்டென்று முட்டிக்கு மேல் சுருட்டிக்கொள்ளலாம் என்று ஒரு காரணம் சொல்வார்கள். உங்கள் ஊர் ஐப்பசி மழையில் பையனும் அதையே செய்யட்டும், இல்லாவிட்டால் தரையைப் பெருக்கிக்கொண்டே வந்து சேருவான், கெட்டியான ஜீன்ஸ் துணியாக இருந்தால் காய்வதற்குள் வாரம் ஓடிவிடும்.