வெள்ளிப் பூச்சுப் பல் இம்ப்ளாண்ட்டுக்குக் கூடுதல் பணம் தரலாமா?
அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் 'கிருமி அண்டாத' வெள்ளிப் பூச்சுப் பல் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) போடச் சொல்கிறார்கள், கூடுதல் பணம் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் அவசரப்பட மாட்டேன். வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்லும், சரி. ஆனால் அளவு மிஞ்சினால் எலும்புச் செல்லையும் விடாது. பூச்சிலிருந்து கசியும் வெள்ளியும் நாளாக ஆகக் குறைந்துவிடும். தொற்றோ பல வருடம் கழித்தும் வரும், ஈறு ஓரத்தில் படியும் அழுக்கிலிருந்து. வழக்கமான டைட்டானிய இம்ப்ளாண்ட்டை மணல் வீசி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்குவதும் எலும்பு பிடிக்கத்தான், கிருமியைக் கொல்ல அல்ல. பூச்சின் பெயர், மாடல், நோயாளிகளை ஐந்து வருடமாவது தொடர்ந்து பார்த்த ஆய்வு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், அவருடைய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு? 8 சதவீதத்துக்கு மேல் என்றால் முதலில் அதைக் குறைக்கப் பாருங்கள். சிகரெட் பிடிப்பாரா என்பதையும் எழுதுங்கள்.