மண்சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் தாத்தா கட்டிய மண்சுவர் வீடு இருக்கிறது. சுவர் ஒன்றரை அடி கனம், மேலே சீமை ஓடு, வாசலில் திண்ணை. பக்கச் சுவர்களின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மண் பொரிந்து கொட்டுகிறது. கோழிவலை அடித்து, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் கொத்தனார். உள்ளே ஒரே இருட்டு. ஆணி அடித்தால் நிற்பதில்லை. பழைய களை போகாமல், மாதம் ஒருமுறை போய்த் தங்குகிற மாதிரி எப்படிச் சரிசெய்வது?

பதில்: சிமெண்ட் வேண்டாம். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

தரையில் இருக்கும் ஈரம் மண்சுவருக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மேலே மண் பூச்சோ சுண்ணாம்போ இருந்தால் அந்த ஈரம் வழியில் ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் மண் ஒரு மாதிரி விரிந்து சுருங்கும், சிமெண்ட் வேறு மாதிரி. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு வெடிப்பு விழும். மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும், திரும்பி வராது. பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் செய்வது இதே வேலைதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். ஒரு வீட்டில் அடியில் மூன்றடி உயரத்துக்கு மட்டும் சிமெண்ட் பூசச் சொன்னேன். இரண்டு ஐப்பசி மழை போனது. பார்வைக்குச் சுவர் புதுசு மாதிரியே இருந்தது. விரல் முட்டியால் தட்டினால் டப்பா மாதிரி சத்தம். ஒரு பாளத்தைப் பெயர்த்தால், பின்னால் பிசைந்த மாவு போல மண். கட்டைவிரல் பாதி உள்ளே போனது. நியூ மெக்சிகோவில் ரான்சோஸ் டி டாவோஸ் என்ற ஊரில், பச்சைக்கல்லால், அதாவது சுடாத மண்கல்லால், கட்டிய இருநூறு வருஷத்துத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதற்கும் 1967-இல் சிமெண்ட் பூசினார்கள். உள்ளே சுவர் ஊறிப்போக, 1979-இல் உரித்துப் போட்டுவிட்டு மண் பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் வருஷா வருஷம் ஊர்க்காரர்களே கூடி மண் பூசுகிறார்கள்.

சரி, உங்கள் சுவருக்கு வருவோம். அடி மண் ஏன் பொரிகிறது என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் காரணம் சுவரில் இருக்காது, வாசலில் இருக்கும். வருஷக்கணக்கில் மண் சேர்ந்து வெளித்தரை உயர்ந்து, அஸ்திவாரத்துக்கு மேலே ஏறியிருக்கும். அதை வெட்டி எடுத்து, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். ஓட்டு விளிம்பு இரண்டரை அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். திண்ணை இருக்கும் முன்பக்கம் இவ்வளவு கெட்டிருக்காது, கவனித்தீர்களா? தாழ்வாரத்திலிருந்து விழும் தண்ணீர் சுவரடியில் தெறிக்காமல் தடுப்பது திண்ணைதான்.

பொரிந்த மண்ணைக் காய்ந்த நிலையிலேயே துடைப்பத்தால் தள்ளுங்கள், கழுவ வேண்டாம். ஆழமாக அரித்த இடங்களில் இரண்டடி இரண்டடியாக, ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி, பச்சைக்கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். ஆரோவில் பக்கம் பார்க்கும் மண்கல்லை இதற்கு வாங்காதீர்கள். அது சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய கல். புது வீட்டுக்கு அருமையானது. உங்கள் பழைய சுவரோடு சேராது.

பூச்சுக்குச் சுவரிலிருந்து உதிர்ந்த மண்ணையே எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியில் தங்கும், களிமண் மேலே படியும். களி அதிகமாகத் தெரிந்தால் மணல் சேர்க்க வேண்டும். விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் போட்டு ஒரு வாரம் ஊறவைத்து மிதிக்கச் சொல்லுங்கள். கடைசிக் கை பூச்சுக்கு வைக்கோலுக்குப் பதில் உமியும் சாணமும். முழுச் சுவரிலும் இறங்குமுன் ஓரடிச் சதுரமாக மூன்று கலவைகளைப் பூசிக் காயவிடுங்கள். வெடிக்காததை வைத்துக்கொள்ளுங்கள். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டும், மண் பூச்சைக் கீறிவிட்டு அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து.

நிறத்துக்கு வெள்ளையடிப்பதே போதும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, அதாவது தண்ணீரில் நீற்றி, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போது ஒன்றுமே ஒட்டாத மாதிரி தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். பொறுமையில்லாமல் கெட்டியாக அடித்தால் தட்டுத் தட்டாக உரியும். நிறம் வேண்டுமானால் காவி, மஞ்சள் காவி இரண்டும் சுண்ணாம்பில் நிற்கும். மஞ்சள்தூளைக் கலந்தால் ஆரத்தித் தண்ணீர்தான் கிடைக்கும்! உட்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காவிப் பட்டை, மேலே வெள்ளை. என் கண்ணுக்கு இதைவிட அழகான அலங்காரம் கிடையாது. தரை துடைக்கும் கறையும் அதில் தெரியாது.

ஆணியை மறந்துவிடுங்கள். மண்சுவர் வீட்டில் பொருள் வைக்க மாடம், தொங்கவிட விட்டம். பலகையை இரண்டு கயிற்றில் விட்டத்திலிருந்து உறி மாதிரி தொங்கவிட்டால் நல்ல புத்தக அலமாரி. சட்டை மாட்ட, பூச்சு வேலை நடக்கும்போதே பனங்கட்டை முளைகளைச் சுவரில் பதித்துவிடுங்கள். மின்கம்பிக்காகவும் மெஷின் வைத்துச் சுவரை அறுக்க விடாதீர்கள். மரப் பட்டியில் வெளியே ஓடட்டும். பீரோவும் கட்டிலும் சுவரை விட்டு நான்கு விரல் தள்ளி இருக்க வேண்டும்.

இருட்டுக்கு ஜன்னல் உடைக்க வேண்டியதில்லை. வடக்குச் சரிவில் அறைக்கு இரண்டு கண்ணாடி ஓடு மாற்றினால் பகலில் லைட் போடவே தோன்றாது.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் ஆசை இருக்கும், பக்கத்திலேயே கிடைக்கிறதே. போடுங்கள், சுவரோரம் ஒரு சாண் மட்டும் விட்டு அங்கே சுட்ட செங்கல்லை மணலில் பதியுங்கள். தரையின் ஈரத்துக்கு ஒரு வழி வேண்டும். வழவழ டைல்ஸை முழுக்க ஒட்டினால் அந்த ஈரமெல்லாம் சுவரில் போய் ஏறும்.

வேலையைத் தையில் ஆரம்பித்தால் பங்குனிக்குள் எல்லாம் காய்ந்துவிடும். பூட்டியே கிடக்கும் மண்வீட்டில் கரையான் சீக்கிரம் குடியேறும். ஊரில் யாரிடமாவது சாவி கொடுத்து, வாரம் ஒரு நாள் கதவு ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். அவர்களே நிலைக்கதவின் அடியில் மண்கோடு ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு உங்களுக்கு ஒரு போன் போடட்டும்.